மலைப்பாதைக்கு முன் ஒரு மாத்திரை

என் தங்கை வால்பாறையில் வாழ்க்கைப்பட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பொள்ளாச்சியில் பேருந்து ஏறினால் ஆழியாறு வரை அம்மா இயல்பாகவே இருப்பார். அதன்பின் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள்தாம் அவருக்குப் பகை. சன்னலோர இருக்கை, முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம், மடியில் பாலித்தீன் பை என எல்லா ஏற்பாடுகளும் இருந்தும், மகளைப் பார்க்கப் போகும் மகிழ்ச்சியை அந்தப் பாதை பறித்துக்கொண்டே இருந்தது. பயணக் குமட்டலைத் தடுக்கும் அவோமின் மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்த நிலை மாறியது.

சென்ற ஆண்டு அந்த அட்டை தீர்ந்துபோனதைக் கவனிக்காமல் கிளம்பிவிட்டோம். தும்மலுக்கு வைத்திருந்த செட்டிரிசினும், அவோமினைப் போலவே உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்துதானே என்றெண்ணி அதைக் கொடுத்தேன். ஒன்பதாவது வளைவைக் கடப்பதற்குள் அம்மா வாந்தியெடுத்துத் துவண்டுவிட்டார். அன்றைய வருத்தத்தில்தான் இம்மருந்துகளைப் பற்றித் தேடிப் படித்தேன்.

பேருந்து வளைந்து வளைந்து ஏறும்போது உட்செவியின் அரைவட்டக் குழல்கள் உடல் சுழல்வதாக மூளைக்குத் தெரிவிக்கின்றன. முன்னிருக்கையின் முதுகையோ கைப்பேசியையோ பார்க்கும் கண்கள் எதுவும் அசையவில்லை என்கின்றன. இந்த முரண்பாடே குமட்டலாக மாறுகிறது. அவோமினில் உள்ள புரோமெத்தசின் போன்ற பழைய தலைமுறை மருந்துகள் மூளைக்குள் எளிதில் நுழைந்து, உட்செவியின் செய்தி வந்து சேரும் நரம்பு மையங்களில் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்னும் செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள் இரண்டின் செயலையும் மட்டுப்படுத்துகின்றன. செட்டிரிசின், லோரட்டடின் போன்ற புதியவை மூளைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. அதனால்தான் அவை தரும் தூக்கம் குறைவு. அதனாலேயே மலைப்பாதையில் அவற்றால் பயனும் இல்லை.

குமட்டலுக்கு இந்த வகை மருந்து உதவும் என்பது தெரியவந்த வரலாறுகளில் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. 1947-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், தோல் தடிப்புக்காக ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்த மருந்து, டிராம் வண்டியில் ஏறினாலே அவருக்கு வந்துகொண்டிருந்த குமட்டலை நிறுத்திவிட்டது. அவர் சொன்னதை அலட்சியம் செய்யாத லெஸ்லி கே, பால் கார்லினர் என்னும் மருத்துவர்கள், நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற படைக்கப்பலில் வீரர்களுக்கு அதைக் கொடுத்துச் சோதித்தனர். டைமென்ஹைட்ரினேட் என்னும் அந்த மருந்து, டிராமமைன் என்ற பெயரில் அமெரிக்காவில் இன்றும் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. நோயாளி சொல்வதைச் செவிமடுக்கும் மருத்துவரின் அருமையை அம்மாவுடன் பல மருத்துவமனைகளுக்கு அலைந்த நான் அறிவேன்.

எந்த மாத்திரையானாலும் புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். டைமென்ஹைட்ரினேட்டை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பும், அவோமினை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்பும் எடுத்துக்கொள்வது வழக்கம். குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடுவதால், விழுங்கிய மாத்திரை உடலில் சேராமல் வாந்தியோடு வெளியேறிவிடக்கூடும்.

எளிதில் கிடைக்கிறது என்பதற்காக இதை எல்லோருக்கும் கொடுத்துவிடக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுத்தால் மூச்சே தடைபடக்கூடும் என்பதால், கைக்குழந்தையோடு மலையேறும் பெற்றோர் தாமாக ஒரு துண்டு மாத்திரைகூடக் கொடுக்க வேண்டாம் எனக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வண்டி ஓட்டுபவர் இதைப் போடவே கூடாது. மதுவோடும் சேரக் கூடாது. கண் அழுத்த நோயோ புராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. முதியவர்களுக்கு நாவறட்சியோடு மனக்குழப்பமும் தடுமாற்றமும் வரக்கூடும் என்பதால், பயண நாளில் மட்டும் போட்டால் போதும் என்று அம்மாவின் மருத்துவரும் அறிவுறுத்தியிருக்கிறார்.

இப்போதெல்லாம் ஆறரை மணிப் பேருந்துக்கு ஐந்து மணிக்கே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அம்மா மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். ஆழியாறு வருமுன்பே என் தோளில் சாய்ந்து உறங்கிவிடுபவர், தேயிலைத் தோட்டங்களின் குளிர்காற்று முகத்தில் படும்போதுதான் கண் விழிக்கிறார். தூக்கக் கலக்கம் முழுமையாகத் தெளிந்திராது என்பதால், வால்பாறையில் இறங்கும்போது அவர் கையை நான் விடுவதில்லை.