கரிநெருப்பு

எங்கள் வீட்டில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். இயேசுவின் சீடரில் ஒருவர் எனக்குப் பேதுரு, என் மாமியாருக்கு ராயப்பர். நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபையில் வளர்ந்தவள், வாக்கப்பட்டது ஆர்.சி., அதாவது கத்தோலிக்கக் குடும்பம். நான் யோவான் என்றால் அத்தை அருளப்பர் என்பார். பவுல் என்றால் சின்னப்பர். கல்யாணமான புதிதில் 'சின்னப்பர் சொன்னாரு' என்று அவர் ஆரம்பித்தபோது, யாரோ சித்தப்பா முறையாக்கும் என்று தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது கத்தோலிக்கக் கோயில் வாசகங்களிலும் பேதுரு, யோவான் என்றுதான் வாசிக்கிறார்கள். அத்தையின் வாய்தான் மாறவில்லை. ராயப்பர் பெயரில்தான் ராயபுரத்துக்கே பெயர் வந்தது என்பது அவருடைய பெருமை. "உங்க பேதுரு பேர்ல எந்த ஊரு கீது?" என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

போன வருஷம் லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்தில், பைபிளின் யோவான் சுவிசேஷத்தை எடுத்துக்கொண்டேன். நான் படிக்கிற முறை ரொம்ப மெதுவானது. ஒரு பழைய கோடு போட்ட நோட்டில் வசனத்தைக் கையால் எழுதுவேன், அப்புறம் அதனிடம் கேள்வி கேட்பேன். யார் பேசுகிறார், யார் பேசவில்லை, இந்தச் சொல் இதற்கு முன் எங்கே வந்தது, இவ்வளவுதான். ஒரு நாளைக்கு அரை அதிகாரம் நகர்ந்தால் அதிகம். அப்படி ஊர்ந்து ஊர்ந்து 21-ஆம் அதிகாரத்துக்கு வரும்போது ஈஸ்டரே முடிந்துவிட்டது.

இயேசு உயிர்த்தெழுந்த பிறகு நடக்கிற காட்சி அது. பேதுரு 'மீன்பிடிக்கப் போகிறேன்' என்கிறான், கூட ஆறு பேர் கிளம்புகிறார்கள். ராத்திரி முழுக்க ஒன்றும் படவில்லை. விடியற்காலையில் கரையில் நிற்கிற ஒருவர், பிள்ளைகளே, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். அவர்கள் கரையேறும்போது அங்கே கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம்.

'கரிநெருப்பு' என்று எழுதிய கை நின்றுவிட்டது. இந்தச் சொல்லை ஒரு வாரத்துக்கு முன்னால்தான் எழுதியிருந்தேன். நோட்டைப் பின்னால் புரட்டினேன். 18-ஆம் அதிகாரம், பிரதான ஆசாரியனின் முற்றம். குளிருக்கு ஊழியக்காரர்கள் கரிநெருப்பு மூட்டிக் காய்கிறார்கள், பேதுருவும் நின்று காய்கிறான். இயேசு பிடிபட்ட ராத்திரி அது. அங்கே வைத்துத்தான் மூன்று முறை அவரை மறுதலிக்கிறான், தான் அவருடைய சீடன் இல்லை என்று. புதிய ஏற்பாடு முழுவதிலும் மூலத்தில் அந்தக் கிரேக்கச் சொல் வருவது இந்த இரண்டே இடத்தில்தான். 1871-இல் வெளிவந்த நம் பழைய மொழிபெயர்ப்பு, பவர் ஐயர் என்ற மிஷனரி தலைமையில் செய்தது, இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறது. அவர்களுக்கு ஒரு கும்பிடு.

அப்படியென்றால் கரையில் அந்த நெருப்பை மூட்டிய இயேசுவுக்கு, அந்த வாசனை யாரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

எனக்குக் கரி வாசனை என்றால் ஒரு இஸ்திரி வண்டி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தின் வாசலில் அது நிற்கும். ஒரு மாலை, கணக்கில் ஆறாயிரம் ரூபாய் குறைந்தது. என்னோடு கவுண்டரில் இருந்த பெண்ணைத்தான் பிடித்தார்கள். அவள் எடுக்கவில்லை. அன்று முழுக்க நான் பக்கத்திலேயே இருந்தேன், எனக்குத் தெரியும். மேலாளர் கூப்பிட்டு, "நீங்க கூடவே இருந்தீங்களாம்மா?" என்றார். "இல்ல சார், நான் கவனிக்கல" என்றேன். என் வேலை போய்விடுமோ என்ற பயம், வேறொன்றுமில்லை. அவள் அந்த இஸ்திரி வண்டியோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். மறுநாள் அவள் வரவில்லை.

சரி, நோட்டை மூடினேன். இரண்டு நாள் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அத்தைதான், "இந்த ஞாயித்துக்கெழம ராயப்பர் மீன் புடிக்கிற வாசகம். ராயபுரம் கோயிலுக்கே போலாம் வா" என்றார். உயிர்ப்புக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பகுதி வரும். எனக்கும் ஒரு ஆசை கிளம்பியது. அந்தக் காட்சி உண்மையில் நடந்த கரைக்கு, திபேரியாக் கடலுக்குப் போய்வருகிறவர்கள் எங்கள் சபையில் உண்டு. ஜெருசலேம் பயணத்துக்கு அரசு மானியமும் தருகிறது. ஆனாலும் என் கைக்கு அது எட்டாது. பேர்தான் கடல், அது நன்னீர் ஏரி, கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. எனக்குத் தண்டையார்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் எட்டுகிற கடல் காசிமேடு. விடியும்போது துறைமுகத்தில் உட்கார்ந்து அந்த அதிகாரத்தை வாசித்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம் என்றேன். "புக்கத் தூக்கினு மீன் மார்க்கெட்டுக்கா?" என்று அத்தை சிரித்தார். வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

நாலரை மணிக்குக் காசிமேட்டில் இறங்கினோம். தடைக்காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. நெருக்கியடித்துக் கட்டிக் கிடந்தன. ஃபைபர் படகுகள் மட்டும் போய்வந்துகொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமையின் வழக்கமான கூட்டத்தில் பாதிகூட இல்லை. இருந்த மீனுக்கு விலை கேட்ட அத்தை, "இந்த வெலைக்கு மீன நான் வளக்கலாம்" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்.

நான் தேடியது கரிநெருப்பை. எங்காவது யாராவது கரையில் மீன் சுடுவார்கள், புகை வரும், நான் அதன் ஓரமாக உட்கார்ந்து வாசிப்பேன் என்று மனதில் ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. டீக்கடையில் கேஸ் அடுப்பு. படகில் சமைக்கிறவர்களும் கேஸ்தான். டீசல் வாடையும் உருகின ஐஸ் தண்ணீரும். செருப்பு வழுக்கி ஒருமுறை விழப்பார்த்தேன்.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. பைபிளைப் பார்த்து, "படிங்கம்மா, நானும் கேக்கறேன்" என்றார். எந்தக் கோயில் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாசித்தேன். வலதுபுறம் வலை போடுங்கள் என்று கரையிலிருந்தவர் சொன்ன இடத்தில் அவர் ஆச்சரியப்படவில்லை. "கரையில நிக்கறவனுக்குத் தெரியும்மா. கூட்டம் வந்தா தண்ணி நெறம் மாறும். படகுல இருக்கறவனுக்கு அது தெரியாது." சரி, அற்புதத்தை இப்படிச் சாதாரணமாக்கிவிட்டாரே என்று கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பேதுரு மேலாடையை எடுத்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தான் என்று வாசித்தபோது சிரித்தார். குதிக்கப் போகிறவன் சட்டையைக் கழற்றுவானா, மாட்டுவானா? படகுக்கும் கரைக்கும் இருநூறு முழம், ஏறக்குறைய 90 மீட்டர். அங்கே கட்டிக்கிடந்த படகுகளைப் பார்த்தேன். நாலைந்து படகு தள்ளி என்று சொல்லலாம். மற்றவர்கள் படகிலேயே வந்து சேர்கிற தூரம்தான். அதைக்கூட அவனால் பொறுக்க முடியவில்லை.

அப்புறம் 153 மீன். இந்த எண்ணுக்கு அர்த்தம் தேடாத வேத அறிஞர் இல்லை. ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று அந்தக் காலத்துத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். இதைச் சொல்லி, ஏன் எண்ணினார்கள் என்று தெரியவில்லை என்றேன். பெரியவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எண்ணாம எப்படிம்மா? பங்கு போடணும்ல. ஏழு பேரு போயிருக்காங்க."

அகுஸ்தீனை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தோம்.

கல்மண்டபம் பக்கமாக நடந்து கோயிலுக்கு வந்தோம். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல் தூரத்தில் நிற்கும். அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல், பலகையைக் கயிற்றால் தைத்த படகு. அந்தப் படகுக்காரர்களின் கோயில் இது என்று அத்தை சொல்லிக்கொண்டே வந்தார். படகுக்காரர்கள் ராயப்பரைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை, அவரும் அந்தத் தொழில்தானே.

திருப்பலிக்கு நேரமிருந்தது. உள்ளே உட்காராமல் பக்கவாட்டு வாசலோரம் நின்றேன். ஆர்.சி. கோயிலில் எனக்கு எப்போதும் கொஞ்சம் கூச்சம், எங்கே எழவேண்டும், எங்கே முழங்கால் போடவேண்டும் என்று அத்தையின் புடவையைப் பார்த்தே ஓட்டுவேன். அங்கே பூசைக்கு உதவுகிற ஒரு பையன், பன்னிரண்டு வயதிருக்கும், தூபக்கலசத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கரியை ஊதிக்கொண்டிருந்தான். சாம்பிராணி இன்னும் போடவில்லை. வெறும் கரி, ஓரம் சிவந்து வந்தது. எங்கள் சபையில் தூபம் கிடையாது, அதனால் இது என் நினைப்பிலேயே இல்லை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் இஸ்திரி வண்டி, சாயங்கால வெயில், அவள் தோள் குலுங்கியது எல்லாம் அப்படியே.

நகரலாம் என்று நினைத்தேன். நகரவில்லை. காசிமேடு முழுக்கத் தேடியது இங்கே கிடைத்தது, ஓடினால் எப்படி? பையன், "ஆன்ட்டி, பொறி பறக்கும், தள்ளி நில்லுங்க" என்றான்.

உள்ளே வாசகம் நடந்தபோது என் நோட்டில் எழுதிவைத்திருந்ததைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நெருப்பருகே இயேசு மூன்று முறை கேட்கிறார். பழைய மொழிபெயர்ப்பில் முதல் இரண்டு முறையும் 'என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா' என்பது கேள்வி. பேதுரு 'உம்மை நேசிக்கிறேன்' என்கிறான். கேட்ட சொல் ஒன்று, சொன்ன சொல் வேறு. மூலத்திலும் அப்படித்தான், அகபாவோ என்று கேள்வி, பிலேயோ என்று பதில். மூன்றாம் முறை இயேசு தம் சொல்லை விட்டுவிட்டு 'என்னை நேசிக்கிறாயா' என்று அவன் சொல்லாலேயே கேட்கிறார். யோவான் இந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போடுகிறவர்தான், இதில் பெரிய வித்தியாசம் பார்க்க வேண்டாம் என்று கிரேக்கம் படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எனக்கு அந்த மூன்றாம் கேள்வியை விட மனமில்லை. முன்பு 'எல்லாரும் இடறினாலும் நான் இடறமாட்டேன்' என்று நெஞ்சைத் தட்டியவன் பேதுரு. இப்போது முதல் கேள்வியில் 'இவர்களிலும் அதிகமாய்' என்று கேட்டும், மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அவனிடம் இருந்தது அந்தச் சின்னச் சொல்தான். அவர் அதற்கு இறங்கி வருகிறார். அது போதும் என்று, 'என் ஆடுகளை மேய்ப்பாயாக' எனப் பொறுப்பையும் கையில் கொடுக்கிறார்.

ஏன் மறுதலித்தாய் என்று ஒரு கேள்வி அந்த அதிகாரத்தில் கிடையாது. நான் இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டேன். இன்னொன்று, அந்த மூன்று கேள்வியும் 'அவர்கள் போஜனம்பண்ணினபின்பு' வருகிறது. முதலில் மீன், அப்பம். பசியோடு யாரையும் விசாரிக்கவில்லை.

பூசை முடிந்து சாமியார் வாசலில் நின்று எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் ஓரமாக வந்து மொபைலை எடுத்தேன். அந்தப் பெண்ணோடு வேலை பார்த்த இன்னொருத்தியிடமிருந்து நம்பரை வாங்கிச் சேமித்தே நாலு வருஷம் ஆகிறது. ஒருமுறைகூட அழைத்ததில்லை. என் முகத்தைப் பார்த்து அத்தை என்னவென்று கேட்டார். கோயில் மதிலோரம் நின்று, பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ஒருவரிடம் முழுதாகச் சொன்னேன். அத்தை குறுக்கே பேசவில்லை. கடைசியில், "இப்பவே பண்ணிடட்டுமா அத்தை?" என்றேன்.

"மணி ஒம்போதாவப் போவுது, காலைல இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. மொதல்ல சாப்டு. அப்பால போன் பண்ணு."

கல்மண்டபம் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்தோம். வடகறி தீர்ந்துவிட்டதாம், சாம்பார்தான் இருந்தது. நாலு இட்லி சாப்பிட்டேன். அத்தை தன் இலையிலிருந்து ஒன்றை எடுத்து என் இலையில் வைத்தார். அதையும் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, நம்பரைத் தேடினேன்.