குளிர்கடல் பாக்டீரியாவின் ஜீனோம்: பில்லுக்குக் கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்

ஆர்க்டிக்கில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளின் கோங்ஸ்ஃபியோர்டன் என்ற கடல்நுழைவின் வண்டலிலிருந்து பிரித்த பாக்டீரியா இது. இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் அந்தக் கரையில்தான் இருக்கிறது. ட்ரைபியூட்டிரின் என்ற கொழுப்பு கலந்த அகார் தட்டில் இட்டு 4 டிகிரியில் வைத்தாலே காலனியைச் சுற்றித் தெளிந்த வளையம் விழுந்தது. குளிரிலேயே கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ் நொதி; தண்ணீரைச் சூடாக்காமல் துவைக்கும் சோப்புத்தூளுக்கு இப்படிப்பட்டதுதான் வேண்டும். பாக்டீரியாவை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவைப் பார்த்ததில், சூடோஆல்டிரோமோனாஸ் என்ற கடல் பாக்டீரியா இனம். இதுவரை எல்லாம் சுமுகம்.

முழு ஜீனோமையும் படிக்க டிஎன்ஏ அனுப்பியதும் சீக்வென்சிங் நிறுவனத்திடமிருந்து ஒற்றை வரி: "க்யூசி ஃபெயில்", அதாவது தரச் சோதனையில் தேறவில்லை. காரணம் கேட்டால் பதில் இல்லை. நாங்களேதான் கண்டுபிடித்தோம். குளிர்கடல் பாக்டீரியாக்கள் பலவும் உறைபனியைத் தாங்க சர்க்கரைப் பிசின் சுரக்கும். அது டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வந்து, லைப்ரரி செய்யும், அதாவது டிஎன்ஏவைச் சீக்வென்சிங்குக்குத் தயார் செய்யும், நொதிகளை முடக்கிவிடும். ஒளியால் டிஎன்ஏவின் தூய்மையைப் பார்க்கும் நானோடிராப் கருவியில் 260/280 விகிதம் அழகாக இருக்கும். 260/230 விகிதத்தைப் பாருங்கள், அதில் தெரிந்துவிடும். சர்க்கரையை நீக்கும் சிடாப் முறையில் டிஎன்ஏவை எடுத்து, அளவை க்யூபிட் கருவியில் பார்த்து அனுப்பினோம். தேறியது.

பெரிய அடி அப்புறம்தான். ரிப்போர்ட்டில், எழுத்துகளைப் படித்த துல்லியத்தைக் காட்டும் க்யூ30 பிரமாதம். துண்டுகளைச் சேர்த்து அசெம்பிளி செய்தால் எதிர்பார்த்த அளவைப் போல இரண்டு மடங்கு ஜீனோம்! இதன் அண்டார்டிக் உறவினரான டிஏசி125 பாக்டீரியாவின் ஜீனோம் 2005இல் வெளியானது; அது 4 மெகாபேஸுக்கும் (40 லட்சம் எழுத்துக்கும்) குறைவு. டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகளின் சதவீதத்தை வரைந்து பார்த்தால் 40 பக்கம் ஒரு மேடு, 65 பக்கம் இன்னொரு மேடு. கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் செக்எம் மென்பொருளை ஓட்டினோம். ஒரே பிரதி இருக்க வேண்டிய மரபணுக்கள் இரண்டிரண்டாக நின்றன. வேறு யாருடைய மாதிரியோ கலந்திருக்கிறது.

நிறுவனமோ "க்யூ30 இருக்கிறது, வேலை முடிந்தது" என்றது. மார்ச் 31க்குள் பில் பாஸாக வேண்டும் என்று கணக்குப் பிரிவும் நெருக்கியது. க்யூ30 என்றால் ஆயிரம் எழுத்துக்கு ஒரு பிழை என்ற கணக்கு, அவ்வளவுதான். அது யாருடைய டிஎன்ஏ என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. இந்தத் தரவை ஏற்றிருந்தால், கிடைக்கும் லிப்பேஸ் எங்கள் பாக்டீரியாவுடையதா என்ற சந்தேகம் கடைசிவரை தீர்ந்திருக்காது.

காப்பாற்றியது ஃப்ரீசரில் பத்திரமாக இருந்த அதே டிஎன்ஏவின் மிச்சம். வேறொரு ஆய்வகத்தில் நானோபோர் என்ற வேறு வகை சீக்வென்சிங் கருவியில் ஓட்டினோம். டிஏசி125 போலவே இரண்டு குரோமோசோம்கள், கலப்படம் இல்லை. அதைக் காட்டிய பிறகே நிறுவனம் இலவசமாக மறுபடி செய்து கொடுத்தது. ஆகவே மிச்சத்தை எறியாதீர்கள். கலப்பட வரம்பைப் பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். மூலத் தரவைக் கேட்டு வாங்கிச் சோதித்த பிறகு பணம் கொடுங்கள்.

லிப்பேஸ் மரபணு, பணி தெரியாத புரதம் என்ற பெயரில் ஒளிந்திருந்தது. அதை ஈ. கோலை என்ற ஆய்வகப் பாக்டீரியாவில் ஏற்றி 37 டிகிரியில் வளர்த்தபோது புரதம் வெறும் கட்டியாகத் திரண்டது. ஒலெய்ஸ்பிரா அண்டார்டிகா என்ற குளிர்கடல் பாக்டீரியாவின் சாப்பரோனின்கள் (புரதம் சரியாக மடிய உதவும் புரதங்கள்) கொண்ட ஆர்க்டிக்எக்ஸ்பிரஸ் என்ற ஈ. கோலை வகைக்கு மாற்றி, 12 டிகிரியில் வளர்த்ததும் கரைந்த நொதியாகக் கிடைத்தது. சுத்தம் செய்த நொதியை 4 டிகிரி அகாரில் சொட்டுவிட்டோம். வளையம் விழுந்தது.