பத்து மணியா, இரண்டு மணியா?

ஒரு தீபாவளி எண்ணெய்க் குளியலின்போதுதான், ஊறவைத்த கொண்டைக்கடலை அளவில் ஏதோ ஒன்று வலது மார்பில், அக்குளை ஒட்டினாற்போல், விரலில் தட்டுப்பட்டது. எனக்கு அப்போது 44 வயது; கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை. வலி சிறிதும் இல்லாததால் ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டேன். மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளில் பெரும்பாலானவை தொடக்கத்தில் வலிப்பதில்லை என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, சாதாரணக் கட்டியாகத்தான் இருக்கும், எதற்கும் ஸ்கேன் எடுத்துவிடுவோம் என்றார். வலது மார்பில் 2 மணித் திசையில், காம்பிலிருந்து 2 செ.மீ. தொலைவில், 8 மி.மீ. அளவுள்ள நீர்க்கட்டி இருப்பதாகவும், அது பைராட்ஸ் 2 என்றும் ரிப்போர்ட் வந்தது. பைராட்ஸ் என்பது 0 முதல் 6 வரை போடப்படும் ஒரு தரவரிசை; அதில் 2 என்றால் தீங்கற்றது என்று பொருள். வைட்டமின் ஈ மாத்திரையோடு வீடு திரும்பினேன்.

அன்றிரவு கண்ணாடி முன் நின்று பார்த்தபோது, என் கட்டி இருந்த இடம் கடிகாரத்தின் 2 மணியைப் போலத்தான் தெரிந்தது. ஆனால் அளவு ஒத்துவரவில்லை. பேரேட்டிலும் சிட்டாவிலும் ஒரே தொகை இருக்கிறதா என்று பார்த்தே பழகிய கை என்னுடையது. என் விரல் பட்ட இடம் காம்பிலிருந்து நான்கு விரல்கடை தள்ளி இருந்தது. அது 2 செ.மீ. ஆக முடியாது. பிறகு விசாரித்ததில்தான் விஷயம் விளங்கிற்று. ரிப்போர்ட்டில் உள்ள கடிகாரம் நோயாளிக்கு எதிரில் நிற்பவர் பார்க்கும் கடிகாரம். கண்ணாடியில் தெரிவதற்கு நேர்மாறானது. அந்தக் கணக்கின்படி வலது மார்பின் 2 மணி என்பது நெஞ்சுக்குழிப் பக்கம். என் கட்டியோ 10 மணியில், அக்குள் பக்கம் இருந்தது. அவர்கள் நீர்க்கட்டி என்று எழுதியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நான் காட்டப் போன கட்டியை யாரும் பார்த்திருக்கவில்லை.

இதைச் சொல்ல மறுபடியும் போனபோது, "ரிப்போர்ட் சரியாகத்தான் இருக்கும்மா, எதையாவது படித்துவிட்டு வந்து குழம்பாதீர்கள்" என்ற பதில்தான் கிடைத்தது. வாதாடவில்லை. வேறொரு மருத்துவரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனேன். போவதற்கு முன், கட்டியின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டேன். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் எடுக்கும் நாளில் அக்குளில் பவுடர் போடக்கூடாது, படத்தில் அது சுண்ணாம்புப் புள்ளிகளைப் போலத் தெரியக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை அழுத்தி, பக்கத்துக்கு இரண்டு படங்கள் எடுத்தார்கள். வலித்தது, ஆனால் நொடிக்கணக்கில்தான். படத்தில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. அடர்த்தியான மார்பகத் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை என்பதால் ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடுமாம். ஸ்கேன் செய்த மருத்துவரிடம் பேனா வட்டத்தைக் காட்டினேன். கருவியை அங்கேயே வைத்து நெடுநேரம் நகர்த்தாமல் பார்த்தார். 14 மி.மீ., ஒழுங்கற்ற விளிம்பு, பைராட்ஸ் 4சி. நூற்றுக்கு 50 முதல் 95 வரை புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு என்பது அதன் பொருள்.

"ஊசி குத்தினால் கட்டி கலைந்து உடம்பெல்லாம் பரவிவிடும்" என்று மாமியார் அழுதார். அப்படிப் பரவுவதில்லை என்று மருத்துவர் சொன்னதை அவருக்கு நான் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சும் சோதனை போதுமா, திசுத் துண்டையே எடுக்கும் பயாப்சி வேண்டுமா என்று கேட்டேன்; துண்டு கிடைத்தால்தான், கட்டி ஹார்மோனால் வளர்வதா என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிகளையும் சரியாகச் சோதிக்க முடியும் என்றார்கள். மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு வலி தெரியவில்லை. ஸ்டேப்ளர் அடிப்பதைப் போன்ற சத்தம் மட்டும் ஐந்து முறை கேட்டது. திசு போட்ட குப்பியின் மேல் என் பெயரும் 'வலது' என்ற சொல்லும் இருக்கின்றனவா என்று எழுந்து உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். நர்ஸ் சிரித்தார், எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முடிவு வந்த அன்று, "சார், நீங்கள் மட்டும் கொஞ்சம் உள்ளே வாங்க" என்று என் கணவரை அழைத்தார்கள். அவரோடு நானும் எழுந்து போய், "டாக்டர், கட்டி என்னுடையது, என்னிடமே சொல்லுங்கள்" என்றேன். இத்தனை நாள் அலைச்சலில் எனக்கு நாக்கு உலர்ந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

புற்றுநோய்தான். மார்பை முழுவதுமாக எடுத்துவிடுவதே நிம்மதி என்றார் அறுவை நிபுணர். பயாப்சித் திசு உள்ள ஸ்லைடுகளையும், அதைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டைகளையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு, திருச்சியில் இரண்டாவது கருத்துக் கேட்டேன். கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு கொடுத்தாலும், முழுவதையும் எடுத்தாலும், உயிர்வாழும் வாய்ப்பு ஒன்றே என்பதை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இரு ஆய்வுகள் 2002இல் உறுதிசெய்திருப்பதாக அங்கே விளக்கினார்கள். என் கட்டியின் அளவுக்கும் அது பொருந்தும் என்றார்கள். கட்டியை மட்டும் எடுத்தார்கள். அக்குளின் நிணநீர் முடிச்சுகளில் நோய் இல்லை. கீமோ தேவைப்படவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் 'கரண்ட் வைப்பது' என்கிற கதிர்வீச்சு, 15 நாள்.

இப்போது தினமும், ஹார்மோன் கட்டியைத் தூண்டாமல் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை ஒன்று. ஆண்டுக்கு ஒரு மேமோகிராம், கூடவே ஸ்கேன். ஒவ்வொரு முறையும் பழைய ஃபிலிம்களை, 2 மணி என்று எழுதிய அந்த முதல் ரிப்போர்ட்டோடு சேர்த்து, மஞ்சள் பையில் எடுத்துப் போகிறேன். புதிய படத்தைப் பழையதோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.