பெயரும் படமும்: ஒரு ஜாஸ்பர் நாட்குறிப்பு

மார்ச் 8, சனி

அமெரிக்காவின் ஓரிகன் பக்கம், அழகுக்காகக் கல்லை வெட்டி மெருகேற்றுகிறவர்கள் கூடியிருக்கும் இடத்தில் ‘பிக்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள்; வெட்டினால் மலையும் வானமும் மாதிரிப் படம் தெரியும் ஒரு ஜாஸ்பர் கல் அது. பேச்சு சட்டென்று நின்றுவிடும். இன்று அதை நேரிலேயே பார்த்தேன். எங்கள் கல் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் தவறிப் போனார். அவர் சேர்த்து வைத்ததையெல்லாம் மகள் விற்கிறார். கராஜ் முழுக்கப் பால் பெட்டிகள், பெயிண்ட் வாளிகள், அத்தனையிலும் கல். பாதிப் பெட்டிகளில் ஒரு சீட்டுகூட இல்லை. ஒரே ஒரு பெட்டியில் மட்டும் மார்க்கரால் ‘பிக்ஸ், எழுபதுகள்’ என்று எழுதியிருந்தது. கூட்டம் மொத்தமும் அங்கேதான்.

முண்டியடித்து ஒன்று வாங்கிவிட்டேன். இரண்டு கையால் தூக்க வேண்டிய அளவு. வெளித்தோலைப் பார்த்தால் யாரும் குனிந்துகூட எடுக்க மாட்டார்கள்: மங்கலான பழுப்பு, அங்கங்கே மண் ஒட்டிய பள்ளம். ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தது. அதில் எச்சில் தொட்டுத் தேய்த்ததும் சாக்லேட் நிறத்தில் மெல்லிய கோடுகள் எழுந்தன. (எச்சில் வைப்பது அநாகரிகம்தான். ஆனால் கல் பைத்தியம் பிடித்த எவரும் செய்யாத காரியமில்லை.)

மார்ச் 9, ஞாயிறு

மழை. வெட்ட மனமில்லை, படித்துக்கொண்டிருந்தேன்.

பிக்ஸ் ஜாஸ்பருக்குப் பெயர் கொடுத்தது கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கும் பிக்ஸ் ஜங்ஷன். அந்த வட்டாரத்தில் சுமார் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு திரும்பத் திரும்பப் பரவி, பாசால்ட் பாறையாக அடுக்கடுக்காக உறைந்தது. ஒரு பரவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் தேங்கிய சேற்றின் மேல் அடுத்த குழம்பு ஏறி மூடியது. பிறகு மணலின் மூலப்பொருளான சிலிக்கா கரைந்த நீர் சேற்றில் ஊறி அதைக் கல்லாக இறுக்கிவிட்டது. பழுப்பும் மஞ்சளும் இரும்பின் கைவேலை. செடி போலக் கிளைவிடும் கறுப்பு, மாங்கனீசு. நீர் ஊறிப் போன தடத்தில் இரும்பு அலை அலையாகப் படிந்ததால்தான் நமக்கு மலைத்தொடரும் வானமும் தெரிகின்றன.

அரிதாகிப் போனதற்கும் இந்தப் பிறப்பே காரணம். கல் கிடப்பது பாசால்ட்டுக்கு அடியில். 1964 டிசம்பரில் வந்த பெருவெள்ளம் பள்ளத்தாக்கை அறுத்துக் கொஞ்சத்தை வெளியே காட்டியது என்றுதான் இங்கே எல்லாரும் சொல்வார்கள். எளிதாகக் கைக்கு எட்டியதை அன்றைய ஆட்கள் அள்ளிவிட்டார்கள். மீதியை எடுக்க வேண்டுமானால் கனத்த பாசால்ட்டைப் பெயர்க்க வேண்டும், அதற்கு இயந்திரம் வேண்டும், நிலமோ பெரும்பாலும் தனியார் கோதுமைப் பண்ணை. பூமியில் கல் தீர்ந்துவிடவில்லை. எடுக்கும் செலவுக்குக் கட்டுபடியாகவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 12, புதன்

அலுவலக மதிய இடைவேளையில் விற்பனைப் பட்டியல்களை மேய்ந்தேன். இந்த உலகத்தில் ஒரு சாதி அடுக்கே உண்டு. உச்சியில் மாரிசனைட் என்ற ஜாஸ்பர். ஓரிகனின் தென்கிழக்கே, ஒவைஹி ஆற்றுப் பள்ளத்தாக்கில் தோண்டியது. ஜிம் மாரிசன் என்ற அந்தக் காலத்துப் பள்ளத்தாக்குவாசியின் பெயரால் வந்தது. அதே பெயர் கொண்ட ‘டோர்ஸ்’ இசைக்குழுப் பாடகருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பச்சை, சாம்பல் நீலம், செங்கல் சிவப்பு எல்லாம் ஒரே துண்டில் மடிப்பு மடிப்பாக வரும். தொண்ணூறுகளின் நடுவோடு தோண்டுவது நின்றுவிட்டது. அடுத்தது ஐடஹோவின் புரூனோ: ரையோலைட் என்ற எரிமலைப் பாறையின் குழிகளில் உருவானது, கிரீமும் சிவப்புமாக முட்டை வடிவங்கள். அப்புறம் பிக்ஸ், ஓரிகனின் இன்னொரு ஜாஸ்பரான டெஷூட்ஸ்.

சுரங்கம் மூடியதும் கல்லுக்கு மவுசு கூடும், சரி. ஆனால் மாரிசனைட் என்ற பெயருக்காகவே சாம்பல் நிற ஓரத்துண்டு, விரிசல் விழுந்தது, படமே இல்லாதது என எல்லாம் விலை போகிறது. இது எனக்கு உறுத்துகிறது. நல்ல மாரிசனைட்டைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் கொடுக்கும் காசு தகும். மோசமான மாரிசனைட் வெறும் மோசமான கல்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று வெட்டினேன்.

எந்தத் திசையில் வெட்டுவது என்று முடிவெடுக்கத்தான் காலை முழுக்கப் போனது. அடுக்குகளுக்குக் குறுக்கே வெட்டினால் மலையும் அடிவானமும் கிடைக்கும். அடுக்கோடு சேர்த்து வெட்டினால் அதே கல்லில் வெறும் திட்டுகள்தான். திறந்து பார்க்காமல் திசை தெரியாது, வெட்டியபின் ஒட்ட முடியாது. அந்த உடைந்த மூலைதான் ஒரே துப்பு. கல்லை நனைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, கோடுகள் போகும் போக்கைத் தோலின் மேல் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

வைர ரம்பம் எண்ணெயில் மெதுவாக இறங்கும். அவசரப்பட்டால் ரம்பத் தகடு வளையும். முதல் கல் பலகை கழன்று விழுந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவிப் பார்த்தேன். கீழே அடர்ந்த காப்பி நிறத்தில் குன்றுகள், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வரிசை. நடுவே வெளிர் மஞ்சள் பட்டை. மேலே நீலம் கலந்த சாம்பல், அதில் நூல் மாதிரி ஒரு கோடு. பிக்ஸில் இந்த நீலம் கிடைப்பது லேசில்லை. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நல்லாதான் இருக்குங்க, ஆனா மலைக்குப் பக்கத்துல இது என்ன ஓட்டை?” என்றாள். அவள் கண்ணுக்கு முதலில் குறைதான் படும்.

ஓட்டை இல்லை, மெத்தென்ற இடம். சிலிக்கா சரியாக ஏறாத களிமண் பகுதி. மெருகேற்றும்போது அது மட்டும் பள்ளமாகும், பளபளப்பு பிடிக்காது. அடுத்த பலகையில் மலை இருக்கிறது, நீலம் போய்விட்டது. சில மில்லிமீட்டர் தள்ளி வெட்டினதற்கே வேறு படம். ஒரு டன் பிக்ஸ் புதிதாகக் கிடைத்தாலும் இந்த முதல் பலகை இன்னொன்று வராது. அரிது என்ற சொல்லை நான் இதற்குத்தான் வைத்துக்கொள்வேன்.

மார்ச் 18, செவ்வாய்

விரிசல் சோதனை. பலகையை நனைத்து, துடைத்து, காயவிட்டுப் பார்க்க வேண்டும். மேற்பரப்பு உலர்ந்த பிறகும் விரிசலுக்குள் ஈரம் நிற்கும்; முடி போன்ற கறுப்புக் கோடாகத் தெரியும். முதல் பலகையில் ஒரே ஒரு கோடு, ஓரத்தில். அதை வெட்டிவிடலாம். இரண்டாவது பலகையின் நடுவிலேயே ஓடுகிறது.

ஏப்ரல் 5, சனி

கேள்வி ஒன்று வந்திருந்தது: “நாமே போய்ப் பொறுக்க முடியாதா?”

முடியும், இடத்தைப் பொறுத்து. அமெரிக்க மத்திய அரசின் நிலமேலாண்மைப் பணியகத்தின் கீழுள்ள பொதுநிலத்தில், சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவு எடுக்கலாம்; விற்கக் கூடாது. கல்லாக மாறிய மரத்துக்கு மட்டும் கணக்கு உண்டு: ஒரு நாளைக்கு 25 பவுண்டும் அதோடு ஒரு துண்டும், வருடத்துக்கு 250 பவுண்டு. தேசியப் பூங்காவில் கூழாங்கல்லைக்கூடத் தொடக்கூடாது. வேறொருவர் சுரங்க உரிமை பதிந்த இடத்தில் கை வைத்தால் அது திருட்டு. 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்படி பதியும் அந்த உரிமையைத் தக்கவைக்க வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. தொகையைப் பார்த்து யாரும் மலைப்பதில்லை. பாதையே இல்லாத பள்ளத்தாக்கில் இறங்கி ஏறும் பாடுதான் ஆட்களைத் துரத்துகிறது.

ஏராளமாகக் கிடைப்பதற்கும் கட்டுப்பாடு வரலாம். மிச்சிகன் மாநிலக் கல்லான பெடோஸ்கி, அறுகோணக் கட்டங்கள் தெரியும் பழைய பவளப் புதைபடிவம். ஏரி அலை புதிது புதிதாக ஒதுக்கித் தருகிறது. ஆனாலும் மாநில நிலத்தில் வருடத்துக்கு 25 பவுண்டுதான். 2015இல் 93 பவுண்டுக் கல்லை ஏரியிலிருந்து தூக்கி வந்தவரிடமிருந்து அரசு அதை எடுத்துக்கொண்டது.

ஏப்ரல் 19, சனி

சங்கக் கூட்டத்துக்கு முதல் பலகையை எடுத்துப் போனேன். ஒருவர் அதைக் கீழே வைக்கவே இல்லை. கடைசியில் பண்டமாற்றுப் பேசினார்: அவரிடம் ஒரு மாரிசனைட் துண்டு. கையில் வாங்கிப் பார்த்தேன். உண்மையான மாரிசனைட்தான், சந்தேகமில்லை. சாம்பல், ஓரத்தில் பச்சைக் கீற்று, குறுக்கும் நெடுக்குமாக விரிசல். “இனிமே தோண்டவே மாட்டாங்க, யோசிச்சுக்கோ” என்றார். யோசிக்க ஒன்றுமில்லை, வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

பக்கத்து மேஜையில் இன்னொரு பெண்மணியிடம் ஊர் பேர் தெரியாத ஒரு பலகை இருந்தது. மணல் நிறம், அதில் புகை மாதிரி எழும் கருஞ்சிவப்பு. ஒவைஹி ஜாஸ்பராக இருக்கலாம் என்றார் ஒருவர், இல்லவே இல்லை என்றார் இன்னொருவர். ஊர் தெரியாத கல்லுக்கு மதிப்பே இல்லை என்று மூன்றாமவர் தீர்ப்பு சொன்னார். கனிமம் சேர்ப்பவருக்கு அது சரி. நான் படத்துக்காகச் சேர்ப்பவன். என் இரண்டாவது பலகையை, நடுவில் விரிசல் இருப்பதைக் காட்டிச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்மணியிடம் அவர் பலகைக்கு மாற்றாக நீட்டினேன். விரிசலுக்கு இந்தப் பக்கமே இரண்டு பதக்கம் எடுக்கலாம் என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.