பத்துக்குப் பத்து அறையும் ஏழு ஸ்லைடரும்

"தம்பி, ராத்திரி பத்து மணிக்கு மேல கிரைண்டர் போடாதீங்க. தூக்கமே வர மாட்டேங்குது."

கீழ் வீட்டு மாமி படிக்கட்டில் நிறுத்தி இதைச் சொன்னபோது எனக்குச் சட்டென்று புரியவில்லை. எங்கள் வீட்டில் கிரைண்டரே கிடையாது, மாவு கடையில்தான் வாங்குகிறோம். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் பொறி தட்டியது. மாமிக்குக் கேட்டது என் கிட்டார். இன்னும் சரியாகச் சொன்னால், முந்தின வாரம் வாங்கிய ஈக்யூ பெடலின், அதாவது ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் பெட்டியின், முதல் ஸ்லைடர்.

என்னிடம் இருக்கும் சாமான்கள் பெரிதாக ஒன்றுமில்லை. சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்) வைத்த கிட்டார், ஒலியை உடைத்துக் கரகரப்பாக்கும் ஒரு டிஸ்டார்ஷன் பெடல், 8 அங்குல ஸ்பீக்கர் போட்ட 15 வாட் ஆம்ப். ஆம்பில் பேஸ், ட்ரெபிள் என்று இரண்டு குமிழ்தான், மிட் கிடையாது. ஆம்புக்கு நடுவில் பெடலைச் செருகும் எஃபெக்ட்ஸ் லூப்பும் கிடையாது. க்ளீனில் வாசித்தால் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். டிஸ்டார்ஷனை அமுக்கினால் தகரக் கொட்டகை மேல் மழை. புது ஆம்ப் வாங்க வீட்டில் அனுமதி கிடைக்காது என்பதால் செகண்ட் ஹேண்டில் ஓர் ஈக்யூ பெடல் வாங்கினேன். பாஸ் கம்பெனி 1981-ல் கொண்டுவந்த ஜிஇ-7 போட்ட பாதையில் போகும் மலிவு வகை. 100, 200, 400, 800 ஹெர்ட்ஸ், பிறகு 1.6, 3.2, 6.4 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொன்றும் முந்தினதற்கு இரட்டிப்பு, அதாவது ஸ்தாயிக்கு ஒரு ஸ்லைடர். ஏற்றினால் 15 டெசிபல், இறக்கினால் 15 டெசிபல். கடைசியில் எட்டாவதாக மொத்த லெவலுக்கு ஒன்று.

முதல் ராத்திரி நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். இரண்டு ஓரத்தையும் ஏற்றி, நடுவை இறக்கி, ஸ்லைடர் வரிசையைச் சிரிக்கிற வாய் மாதிரி வைத்தேன். தனியாக உட்கார்ந்து கேட்க அமிர்தம். 100 ஹெர்ட்ஸ் உச்சியில். அதன் விலை என்ன என்று மாமி வந்து சொன்ன பிறகுதான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 15 டெசிபல் என்றால் மின்னழுத்தம் ஐந்தரை மடங்கு, பவர் கணக்கில் 30 மடங்குக்கும் மேல். ஒரு வாட் செலவாகிற சத்தத்தில் வாசித்தாலும், அந்தக் கீழ்ப் பகுதிக்கு மட்டும் ஆம்பிடம் 30 வாட் கேட்கிறேன். இருப்பதே 15. ஸ்பீக்கர் பேப்பர் 'புர்ர்' என்று துடித்ததற்குக் காரணம் அதுதான். ஆம்ப் இருந்தது மூலையில், மொசைக் தரையில். கீழ்ச் சத்தத்தை இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து வேறு தூக்கிக் கொடுத்திருக்கின்றன.

இன்னொரு தொல்லையும் அந்த ஸ்லைடரிலேயே இருந்தது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அடாப்டருக்குள் அது டிசி ஆகும்போது மிஞ்சுகிற அலை 100 ஹெர்ட்ஸ். சிங்கிள் காயில் பிக்கப்பும் சுவருக்குள் ஓடும் ஒயரிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அதன் மடங்குகளையும் பிடித்துக்கொள்ளும். ஆக, நான் பேஸ் என்று நினைத்து ஏற்றியதில் பாதி மின்வாரியத்தின் பங்களிப்பு.

அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்து, ஒழுங்காக ஒரு நோட்டு போட்டேன். வாசித்துக்கொண்டே ஸ்லைடரைத் தள்ள எனக்கு மூன்றாவது கை இல்லை. அண்ணன் மகளை உட்கார வைத்தேன். ஒரே கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) வரிசையை நான் திரும்பத் திரும்ப வாசிக்க, அவள் ஒவ்வொரு ஸ்லைடராக முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்ல வேண்டும். ஏழாவது படிக்கிறாள். கிட்டார் தெரியாது. அதனால்தான் அவள் சொன்னது எனக்கு இத்தனை உபயோகப்பட்டது.

200-ஐ ஏற்றியதும், "குடத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கு சித்தப்பா." 400-க்கு "அட்டைப்பெட்டி" என்றாள். 800-க்கு "உனக்குச் சளி பிடிச்சா பேசுவியே, அது." 1.6-ல் கிட்டார் திடீரென்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டதாம். 3.2-ஐ ஏற்றியதும் காதைப் பொத்திக்கொண்டு, "தட்டைக் கரண்டியால சுரண்டாதே." கடைசி 6.4-க்கு, "ஒண்ணுமே மாறல. தாளிக்கிற சத்தம் மட்டும் வருது."

தாளிக்கிற சத்தம் என்றது பெடலின் சொந்த ஹிஸ். அவள் காது சரிதான். கிட்டார் ஸ்பீக்கர்கள் பொதுவாக 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினாலே செங்குத்தாக விழுந்துவிடும். அங்கே ஏற்றினால் கிட்டார் வருவதைவிட இரைச்சல்தான் அதிகம் வரும்.

அன்று ராத்திரி ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் ஹெர்ட்ஸ் எழுதிப் பார்த்தேன். தடித்த ஈ ஸ்ட்ரிங் 82, ஏ 110, மெல்லிய ஈ 330. அதே மெல்லிய ஸ்ட்ரிங்கில் 22-ஆம் ஃப்ரெட்டுக்கு (விரல் அமுக்கும் கட்டம்) போனாலும் 1175-தான். அதாவது மேலே உள்ள மூன்று ஸ்லைடரின் மையத்திலும் நான் அமுக்குகிற ஸ்வரம் ஒன்றுகூட இல்லை. அங்கே இருப்பவை எல்லாம் அந்த ஸ்வரங்களின் மேலடுக்குகள், மீட்டும் வில்லையான பிக் ஸ்ட்ரிங்கைத் தொடும் 'டிக்', பிறகு இரைச்சல். ஸ்வரம் முழுக்க முதல் நான்கு ஸ்லைடரில் குடித்தனம் நடத்துகிறது. சிரிக்கிற வாய் வைத்தபோது நான் இறக்கியது அதைத்தான்.

நடுவில் ஒரு எச்சரிக்கை. எந்த ஸ்லைடரை ஏற்றினாலும் முதலில் 'ஆகா' என்றுதான் தோன்றும், சத்தம் கூடியிருக்கிறதே. அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு லெவல் ஸ்லைடரால் சத்தத்தைப் பழையபடி கொண்டுவந்துவிட்டு, பெடலை அணைத்தும் போட்டும் ஒப்பிட்டேன். முதல் வாரத்து 'ஆகா'க்களில் முக்கால்வாசி அங்கேயே உதிர்ந்துவிட்டன.

டிஸ்டார்ஷன் பெடலுக்கு முன்னாலா, பின்னாலா என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதற்கே இரண்டு ராத்திரி போனது. பின்னால் வைத்தால் ஸ்லைடர் சொன்னபடி கேட்கும்: 3.2-ஐ 6 டெசிபல் இறக்கினேன், தகரக் கொட்டகை காணாமல் போனது. முன்னால் வைத்தால் கதை வேறு. அங்கே ஏற்றுவது சத்தத்தைக் கூட்டாது, அந்தப் பகுதியை அதிகமாக உடைக்கும். 100-ஐயும் 200-ஐயும் முன்னாலேயே இறக்கிவிட்டு 800-ஐக் கொஞ்சம் தூக்கியபோது, கொழகொழவென்று இருந்த பவர் கார்டு (இரண்டு ஸ்வரம் மட்டும் சேர்ந்த கார்டு) கெட்டிச் சட்னி பதத்துக்கு வந்தது. ட்யூப் ஸ்க்ரீமர் என்ற டிஸ்டார்ஷன் வகைப் பெடலுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக கெயினை, அதாவது பெருக்கத்தை, குறைத்துவிட்டுத்தான் அது உடைக்கிறது. பெடல் ஒன்றுதானே, ஏதாவது ஓரிடம். எனக்குப் பின்னால்தான். உடைசலை டிஸ்டார்ஷன் பெடலின் டோன் குமிழாலும் கை அழுத்தத்தாலும் சமாளிக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ஆறாவது ஸ்ட்ரிங்கை, அதாவது தடித்த ஈ ஸ்ட்ரிங்கை, சும்மா அடித்தால் சப்பென்று இருக்கிறது. ஐந்தாவது ஸ்ட்ரிங்கின் முதல் ஃப்ரெட், அதாவது ஏ ஷார்ப், அடித்தால் ஜன்னல் கம்பி அதிர்கிறது. ஈ ஒல்லியாக இருக்கிறதே என்று 100-ஐ ஏற்றினால் ஏ ஷார்ப் இன்னும் முழங்குகிறது. அது அடங்கட்டும் என்று இறக்கினால் ஈ செத்துப்போகிறது. ஈ 82 ஹெர்ட்ஸ், ஏ ஷார்ப் 116.5. இரண்டும் அந்த ஒரே ஸ்லைடரின் கைக்குள். பத்து நாள் இதோடு மல்லுக்கட்டினேன். ஸ்ட்ரிங் சரியில்லை என்றேன், பிக்கப் உயரம் என்றேன், ஆம்பையே சபித்தேன்.

ஒரு சனிக்கிழமை அறையைக் கழுவ வேண்டும் என்று ஆம்பை ஹாலுக்குத் தள்ளினார்கள். அங்கே சும்மா செருகி வாசித்தேன். ஏ ஷார்ப் மற்ற ஸ்வரங்களோடு சாதுவாக நின்றது.

குற்றவாளி அறைதான். பத்துக்குப் பத்து அறை, கூரையும் பத்தடி, கனசதுரம். அறையின் நீளத்தில் ஒலி போய்த் திரும்பும் தூரம் 6.1 மீட்டர். நம் ஊர் வெக்கையில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். வகுத்தால் 57 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 115. ஏ ஷார்ப்புக்குப் பக்கத்து வீடு. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றேயானதால் மூன்று பக்கமும் சேர்ந்து ஒரே ஸ்வரத்துக்கு ஜால்ரா போடுகின்றன.

நான் உட்கார்ந்த இடம் அதைவிட மோசம். ஃபேனுக்கு நேர் கீழே, அறையின் நட்ட நடுவில். 115 ஹெர்ட்ஸ் அலையின் அழுத்தம் சுவரோரங்களிலும் சரியாக நடுவிலும்தான் உச்சம். இரண்டு சுவர்ச் சோடிகளுக்கு இடையில் எழும் இன்னொரு அலை 81 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். ஈ ஸ்ட்ரிங்குக்கு அதுதான் தோள் கொடுக்க வேண்டும். ஆனால் அது நடுவில் பூஜ்யம். ஆக, ஒரு ஸ்வரம் உச்சத்திலும் இன்னொன்று பள்ளத்திலும் இருக்கிற ஒரே புள்ளியைத் தேடிப் பிடித்து நாற்காலி போட்டிருக்கிறேன், காற்றுக்காக.

நாற்காலியைச் சுவரிலிருந்து இரண்டரை அடிக்கு, பீரோ பக்கமாக நகர்த்தினேன். 115 அங்கே ஏறக்குறைய மறைகிற இடம் அது. ஸ்லைடர் எதையும் தொடவில்லை. ஈ எழுந்தது, ஏ ஷார்ப் உட்கார்ந்தது. பிறகு ஆம்பையும் மூலையிலிருந்து வெளியே இழுத்து ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி, ஸ்பீக்கரைக் காதை நோக்கிச் சாய்த்தேன். அதுவரை ட்ரெபிள் முழுக்க என் முழங்காலுக்குத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. மேல் சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். காதுக்கு வராததால் குமிழை நான் மேலும் மேலும் திருகியிருக்கிறேன். ஸ்டூலில் வைத்ததும் ட்ரெபிளை ஏழிலிருந்து நான்குக்கு இறக்கினேன். மாமிக்கும் இதில் லாபம், தரை வழியாக இறங்குவது குறைந்திருக்கும். ஃபேன் காற்றுதான் போச்சு.

நண்பர்களோடு வாசிக்கப் போனபோது அடுத்த பாடம். வளசரவாக்கத்தில் ஒரு மாடி ஷெட், ஒரு பேஸ் கிட்டார், ஒரு கஹோன் (மேலே உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி), ஒரு மிருதங்கம். ராத்திரிக்கு வைத்திருந்த செட்டிங்கை அப்படியே கொண்டுபோனேன். இரண்டாவது பாட்டில் பேஸ்காரன் திரும்பி, "டேய், வாசிக்கிறியா இல்ல சும்மா நிக்கிறியா?" என்றான்.

1933-லேயே பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து வைத்த சங்கதிதான். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது கீழ் ஸ்வரங்களை அதிகமாகத் தவறவிடுகிறது. அதனால் மெதுவாக வாசிக்கும் ராத்திரிகளில் 100-ஐயும் 200-ஐயும் கொஞ்சம் ஏற்றியிருந்தேன். ஷெட்டில் சத்தம் கூடியதும் காதுக்கு அந்த உதவி தேவையில்லை, வெறும் கொழகொழப்புதான் மிஞ்சியது. அந்த இடத்தில் ஏற்கெனவே பேஸ் கிட்டாரும் கஹோனும் உட்கார்ந்திருக்கின்றன. நான் நிற்க வேண்டிய 800-லும் 1.6-லும் ஆளைக் காணோம். அங்கேயே 100-ஐப் பாதிக்குக் கீழே இறக்கி, அண்ணன் மகள் 'சளி' என்ற 800-ஐ 4 டெசிபல் ஏற்றினேன். தனியாகக் கேட்டால் அசிங்கமாகத்தான் இருந்தது. பாட்டுக்குள் தெளிவாகக் கேட்டது.

மிருதங்கக்காரர் அதற்குள் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையை அப்பி, தட்டி, கொஞ்சம் கிள்ளி எடுத்து, மறுபடி தட்டிக்கொண்டிருந்தார். அவர் அறைக்கு அறை அதைச் செய்கிறார். யாரும் அவரிடம் செட்டிங் என்ன என்று கேட்பதில்லை.

இப்போது நோட்டில் இரண்டு பக்கம் இருக்கின்றன. வீட்டுக்கு: 100-ல் +2, 200-ல் –3, 400-ல் –2, 3.2-ல் –5, 6.4-ல் –8, மற்றவை நடுவில். ஷெட்டுக்கு: 100-ல் –8, 800-ல் +4, 1.6-ல் +2, 3.2-ல் –3, 6.4 அதே. பத்து மணிக்கு மேல் வீட்டிலும் 100-ஐ முழுக்க இறக்கிவிடுகிறேன்.

நேற்று புது ஸ்ட்ரிங் மாற்றினேன். வீட்டுப் பக்கத்தில் 3.2-க்கு எதிரே –5 என்பதை அடித்து –7 என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். இரண்டு வாரத்தில் ஸ்ட்ரிங் மங்கியதும் மறுபடி அழிக்க வேண்டியிருக்கும், அதனால்தான் பேனா எடுக்கவில்லை.