கிணறு பொது, அடுப்பு தனி

போன வாரம் காரைக்குடி வீட்டில், முகப்புத் திண்ணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் நிரலோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கையொப்பமிட்டவர்களின் சாவி விவரம் சொல்லும் இரண்டு ஆவணங்கள், இரண்டிலும் 'இசட்6எம்கே' என்று தொடங்கும் ஒரே பொதுச்சாவி (கையொப்பத்தைச் சரிபார்க்க எல்லோருக்கும் கொடுக்கிற சாவி), எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். பழைய ஆவணம் அதன் வகையை 'எட்25519வெரிஃபிகேஷன்கீ2020' என்கிறது, புதியது 'மல்டிகீ' என்கிறது. என் நிரல் ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளிவிட்டது. அது போக, புதிய ஆவணத்தின் சொந்தக்காரர் டிஐடி (டிசென்ட்ரலைஸ்டு ஐடென்டிஃபையர், மைய அமைப்பு எதையும் சாராமல் ஒருவர் தானே வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் பெயர்) வைத்திருக்கவே இல்லை, சாதாரண எச்டிடிபிஎஸ் இணைய முகவரிதான். அவருடைய சாவியைப் புரிந்துகொள்ள நான் ஏன் டிஐடி தரநிலையைப் படிக்க வேண்டும்?

இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2022 ஜூலை 19 அன்று டிஐடி கோர் 1.0-ஐப் பரிந்துரையாக, அதாவது முடிவான தரநிலையாக, வெளியிட்டபோது எல்லாம் அந்த ஒரே ஆவணத்துக்குள் இருந்தது: பெயரின் இலக்கணம், தரவு மாதிரி (எந்த விவரம் எந்த அமைப்பில் என்பது), அதை ஜேசன், ஜேசன்-எல்டி என்ற தரவு வடிவங்களில் எழுதும் விதம், டிஐடி மெத்தடுகளுக்கான (ஒவ்வொரு வகை டிஐடியும் இயங்கும் முறைகளுக்கான) விதிகள். அப்புறம் சான்றிதழ்களுக்கான தரநிலைகள் வளர்ந்தபோது அவற்றுக்கும் அதே சாவி விவரங்கள், அதே 'ஆதென்டிகேஷன்' (ஆளை உறுதிசெய்யும் சாவி எது), 'அசர்ஷன் மெத்தட்' (சான்றிதழில் கையொப்பமிடும் சாவி எது) தேவைப்பட்டன. அதனால் பொதுவான தரவு மாதிரியைப் பிரித்து, 2025 மே 15 அன்று 'கன்ட்ரோல்டு ஐடென்டிஃபையர்ஸ் 1.0' என்று தனிப் பரிந்துரையாக்கினார்கள். டிஐடி 1.1 வரைவு அதன் மேல்தான் நிற்கிறது.

எனக்கு இது சரியாகப் படுகிறது. எங்கள் பக்கம் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைப்பார்கள். பாத்திரம் பண்டம், அரிசி பருப்பு எல்லாம் கொடுத்து, அதே வீட்டுக்குள் தனி அடுப்பு. எங்கள் அப்பத்தா காலத்தில் இந்த வீட்டில் நான்கு அடுப்பு எரிந்திருக்கிறது, ஆனால் வளவும் கிணறும் எல்லோருக்கும் பொது. யாரும் தன் அறைக்குள் கிணறு வெட்டவில்லை. சாவி விவரம் கிணறு மாதிரி, டிஐடிக்காரரும் எச்டிடிபிஎஸ்காரரும் அங்கேதான் இறைக்க வேண்டும். டிஐடியின் அடுப்பு எது? 'டிஐடி:' என்று தொடங்கும் பெயரின் இலக்கணம், ஆவணத்தின் 'ஐடி' ஒரு டிஐடியாகவே இருக்க வேண்டும் என்ற விதி, உருவாக்குவது, படிப்பது, மாற்றுவது, முடக்குவது என்று ஒவ்வொரு மெத்தடும் சொல்ல வேண்டியவை. இவற்றைப் பொதுவான 'கன்ட்ரோல்டு ஐடென்டிஃபையர்ஸ்' தரநிலைக்குத் தள்ளிவிடக் கூடாது.

கூட வேலை பார்க்கும் நண்பர், "இப்ப டிஐடி, கன்ட்ரோல்டு ஐடென்டிஃபையர்ஸ், டிஐடி ஆவணத்தைத் தேடி எடுக்கிற விதம் சொல்ற டிஐடி ரெசல்யூஷன்னு மூணு தரநிலையைத் திறந்து வச்சுக்கிட்டு வேலை பார்க்கணுமேண்ணே" என்கிறார். நியாயமான குறைதான். டிஐடி தரநிலையிலேயே சாவியோடு கூடிய முழு உதாரணங்கள் இருந்தால் பாதிக் கஷ்டம் தீரும், ஆனால் சாவி விவரத்தின் இலக்கணம் மட்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் எழுதினால் நாளைக்கு இரண்டும் வேறு வேறாக மாறும், அதை இணைக்கிற பாடு என்னைப் போன்றவர்கள் தலையில்தான் விழும்.

இதில் எனக்குப் பெரிய கவலை மெட்டாடேட்டா, அதாவது ஆவணத்தைப் பற்றிய தகவல், பற்றியது. எப்போது உருவானது, எப்போது மாறியது, முடக்கப்பட்டதா என்பவற்றை ஆவணத்துக்குள்ளேயே எழுதிவிடுகிற நிரல்களைப் பார்க்கிறேன். ஆவணத்துக்குள் இருப்பது அதன் சொந்தக்காரர் சொல்வது. முடக்கப்பட்டதா என்பதை, டிஐடியைக் கொடுத்தால் ஆவணத்தைத் தேடித் தரும் ரிசால்வர் என்ற நிரல்தான் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகையை நாமே அச்சடித்துக்கொள்ளலாம், ஆனால் எங்கள் நகரத்தார் சமூகத்தின் கோயில் கணக்கில் ஏறினால்தான் புள்ளி, அதாவது சமூகம் கணக்கில் எடுக்கும் தம்பதி. அதனால் இவற்றின் தரவு மாதிரி டிஐடி ரெசல்யூஷன் தரநிலையில் இருப்பதே முறை.

என் நிரலையும் இதே மாதிரி பிரித்துவிட்டேன். சாவி படிக்கும் பகுதி இப்போது இரண்டு வகைப் பெயரையும் ஏற்கிறது, அதற்குள் 'டிஐடி' என்ற சொல்லே கிடையாது. மெட்டாடேட்டாவை மட்டும் இன்னும் ஆவணத்திலிருந்து வெளியே எடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை உட்கார வேண்டும்.