முதலில் புள்ளி வைத்துப் பாருங்கள்

எம்.எஸ்சி. உளவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், போதும் என்பார்கள். முதல் சில வருடங்கள் நானும் அப்படித்தான் நடத்தினேன், அது தப்பு.

இப்போது முதல் வகுப்பில் சூத்திரமே கிடையாது. 1973-இல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுப்புகளைக் கொடுத்துவிடுவேன். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள், நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5, ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு நேர்கோட்டில் சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு) 0.82. சரி, நான்கும் ஒன்றுதானே என்பார்கள். அப்புறம் கிராஃப் தாளில் புள்ளி வைக்கச் சொன்னால், ஒன்று சாதாரணமாகச் சிதறியிருக்கும், ஒன்று வளைந்திருக்கும், ஒன்றில் நேர்கோட்டை விட்டு ஒரு புள்ளி மட்டும் விலகி நிற்கும், கடைசியில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக நிற்க, தூரத்தில் தனியாகக் கிடக்கும் ஒற்றைப் புள்ளிதான் அந்த ஒட்டுறவையே உண்டாக்கியிருக்கும். அப்போது வகுப்பில் எழும் சலசலப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பி மதிப்புதான் இன்னும் கஷ்டம். 0.03 வந்தால் 'என் கருதுகோள் 97 சதவீதம் உண்மை' என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே அது சொல்கிறது. 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்த முடிவுகள் வந்தன. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 'குறிப்பிடத்தக்கவை' (அதாவது பி மதிப்பு 0.05-க்குக் கீழே), திரும்பச் செய்தபோது 36 சதவீதம். இதைச் சொன்ன அன்று ஒரு மாணவி தன் ஆய்வேட்டுத் தரவைத் திறந்து, மறுபடி முதலிலிருந்து படம் வரைய ஆரம்பித்தாள்.